ஊஞ்சப்பாளையத்துப் புகைப் பிள்ளைகள்

ஊஞ்சப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு லாரி இருந்து, லாரி இருந்த காரணத்தாலேயே வீட்டுக்கு வீடு தகப்பன் இல்லாமல் இருந்த காலத்தில், ஒரு சந்தை நாள் மத்தியானம், பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் பத்தாம் வகுப்புப் பையன் பூபதி இழுத்து ஊதிய சிகரெட்டுப் புகை, எல்லாப் புகையையும் போல மேலே ஏறிக் கலையாமல், தரையில் இறங்கி நின்றது. கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்று கையைத் திரட்டிக்கொண்டது, காலைத் திரட்டிக்கொண்டது, வழுக்கி இறங்கும் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டது, ஐந்து வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு வந்ததும் யாரிடமும் வழி கேட்காமல் வீட்டைப் பார்த்து நடந்தது. சந்தைக்குள் புகுந்து, தக்காளிக் கூடைகளைத் தாண்டி, சேவல் விற்கிறவரின் கால்களுக்கு நடுவே நுழைந்து, கரும்புச்சாறு பிழிகிற இடத்தில் வாய் பார்த்து நின்று, மறுபடியும் நடந்தது. கூட்டத்தில் தனியாகப் போகிற பிள்ளையைக் கண்டால் யார் வீடு என்று கேட்காமல் விடுகிற ஊர் இல்லை அது.

"ஆரூட்டுப் பையன்டா நீயி?" என்றார் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவர்.

"பாவாயி ஊட்டுங்க" என்றது புகை.

"அப்பன் எங்கே?"

"லாரி எடுத்துட்டு லைனுக்குப் போயிருக்குதுங்க."

"பாத்துப் போ சாமி, பஸ்ஸு வரும்" என்று சொல்லிவிட்டு அவர் தராசைப் பார்த்துக்கொண்டார்.

பூபதியின் அம்மா பாவாயி வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்த மாதிரி இருக்கவும் நிமிர்ந்தாள். மீசை அரும்பி, அவளைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்ட பையன், ஐந்து வயதில் எப்படி இருந்தானோ அப்படியே, கட்டில் கால் இடித்துப் புருவத்தில் விழுந்த வெட்டு உட்பட, சாம்பல் நிறத்தில் எதிரே நின்றான். கால்சட்டைக்குப் பொத்தான் வைத்துத் தைக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அப்புறம்தான் வாடை வந்தது. முறத்தைக் கீழே வைத்தாள், சீமாறை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ உக்காரு சாமி. உன்ற மேல எனக்கு ஒண்ணுங் கோவமில்லை. பெரியவன் வரட்டும்" என்றாள்.

பெரியவன் பொழுது சாயும்போது வந்தான், வாய் நிறையக் கொய்யா இலையை மென்றுகொண்டு, சட்டையெல்லாம் பவுடரைக் கொட்டிக்கொண்டு. வாசலில் தானே உட்கார்ந்து தன்னை எதிர்பார்த்திருப்பதைக் கண்டபோது கொய்யா இலை அவன் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

அந்த வாரம் முடிவதற்குள் தெருவுக்குத் தெரு புகைப் பிள்ளைகள் நடந்தார்கள். பெரியவர்கள் விட்ட புகை வழக்கம்போலக் காற்றில் போனது. மீசை முற்றாத பையன்கள் விட்டது மட்டும், எங்கே விட்டாலும், வீடு வந்து சேர்ந்தது. கிணற்றடியில் ஊதினால் கிணற்றடியிலிருந்து வந்தது. கரட்டு மேட்டில் பாறைக்குப் பின்னால் ஊதினால் கல்லிலும் முள்ளிலும் இறங்கி வந்தது. சங்ககிரிக்குப் படம் பார்க்கப் போய் அங்கே ஊதியவர்களின் புகை டவுன் பஸ் ஏறி வந்தது. கண்டக்டர் அதன் தலை உயரத்தைப் பார்த்து, "உனக்கு டிக்கெட் வேண்டாம். ஆனா சன்னலோரம் உக்காராத கண்ணு, வெளியே போயிருவ" என்று நடுச் சீட்டில் உட்கார வைத்தார். கோவில் பூசாரியிடம் போய்த் தீட்டு உண்டா என்று கேட்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள்தானே, அபிசேக நேரத்தில் மட்டும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், கற்பூரப் புகையோடு கலந்துவிட்டால் எது யாருடையது என்று தெரியாது என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்த ஊர்ப் பையன்கள் புகையை யாரிடமும் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்டதில்லை. தகப்பன்மார் லைனிலிருந்து வந்து கயிற்றுக்கட்டிலில் சாயும்போது பக்கத்தில் நிற்கிற பையனைச் சின்னராசுவின் பெட்டிக்கடைக்கு அனுப்புவார்கள். கடை முன்னால் தொங்குகிற தேங்காய்நார்க் கயிற்றின் கனலில் பீடியைப் பற்றவைத்து, வழியில் அணையாமல் இருக்க ஒரு இழுப்பு, வீட்டு முக்கில் ஒரு இழுப்பு இழுத்துக் கொண்டுவந்து கொடுக்கிறவன் சமத்துப் பிள்ளை. அணைந்த பீடியோடு வருகிறவன் மக்கு. ஊரில் மக்குப் பிள்ளைகள் குறைவு.

தலைமையாசிரியர் ஊர்வலம் ஒன்று நடத்தினார். அட்டைகளில் வாசகம் எழுதிக் கம்பில் கட்டிப் பையன்கள் கையில் கொடுத்தார். பையன்கள் இழுத்துப் பறித்துக்கொண்டு முன்னால் போக, அவர்கள் பின்னால் புகைப் பிள்ளைகள் இரண்டு வரிசையாகக் கைகோத்து நடந்தார்கள். "அதுங்களுக்கு இருக்கற ஒழுங்கு இதுங்களுக்கு இல்லையே" என்று தலைமையாசிரியர் வருத்தப்பட்டார். ஊர்வலம் சாதிக்காததைச் சீமாறு சாதித்தது. புகை படியேறினதும் அம்மாமார் கதவைச் சாத்தினார்கள், புகை கதவிடுக்கில் நுழைந்தால் விசிறியால் விரட்டினார்கள், பெரியவன் வந்ததும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஊதினால் ஊரே அறிய வீட்டுக்குச் சேதி போகும் என்றான பிறகு எவன் ஊதுவான்? பத்து நாளில் நின்றிருக்கும். லாரிகள் மட்டும் திரும்பி வராமல் இருந்திருந்தால் நின்றே போயிருக்கும்.

பூபதியின் அப்பா அர்த்தநாரி அஸ்ஸாம் லைனிலிருந்து ஒரு காலையில் வந்து சேர்ந்தார். பூபதியை அவர் தொட்டிலில் பார்த்திருக்கிறார், தூங்கும்போது பார்த்திருக்கிறார், இப்போது, அவர் உட்கார்ந்தால் எழுந்து வெளியே போகிறவனாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் அவர், "பரீச்சையெல்லாம் எப்படிடா?" என்றார். அவன், "ம்" என்றான். எழுந்து போனான். மதிலுக்குப் பின்னால் போய், அம்மாவின் சீமாறைக்கூட மறந்து, கோபத்தில் ஒன்றை எடுத்துப் பற்றவைத்தான்.

புகை வந்தபோது பாவாயி ரேசன் கடைக்குப் போயிருந்தாள். அது நேராக வந்து, கட்டிலில் சாய்ந்திருந்த அர்த்தநாரியின் மடியில் ஏறி உட்கார்ந்தது.

"அப்பா, அஸ்ஸாம்ல மழை எப்பப் பாத்தாலும் பேயுமா?"

அர்த்தநாரி அதன் புருவத்து வெட்டைப் பார்த்தார். கால்சட்டையைப் பிடித்த கையைப் பார்த்தார். "பேயும் சாமி" என்றார். "நின்னு நிதானமாப் பேயும். ரோட்டுல ஆனை வரும்."

"ஆனை வந்தா நீ ஆரன் அடிப்பியா?"

"ஆனைக்கு ஆரன் அடிக்கக்கூடாது. வெளக்கை நிறுத்திட்டுப் பேசாம நிக்கோணும்."

"வண்டிக்குத் தூக்கம் வருமா?"

பாவாயி திரும்பி வந்தபோது அவர் வேட்டியெல்லாம் கரி, முகமெல்லாம் சிரிப்பு.

"அதை எறக்கி உடுங்க மொதல்ல" என்றாள்.

"இருக்கட்டும் புள்ள. இந்த வயசுல இவனை நான் பாத்ததே இல்லை."

"பாக்காதது ஆரு தப்பு? அம்மை போட்டப்ப நானு, பல்லு உளுந்தப்ப நானு, பள்ளிக்கோடம் போகமாட்டேன்னு கதவு நெலையைப் புடிச்சுட்டு அழுதப்ப நானு. எனக்கு ஒருக்கா வளத்துனதே போதுஞ்சாமி. நீங்க வேணும்னாப் பீடி நாத்தத்தோட கொஞ்சிக்கங்க."

அவர் கொஞ்சினார். ஊரில் அவர் ஒருவர் மட்டுமில்லை. குஜராத் லைனிலிருந்தும் கல்கத்தா லைனிலிருந்தும் வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு புகையைத் தோளில் தூக்கிக்கொண்டு லாரிப் பேட்டையில் கூடினார்கள். "என்ற பெரியவன் என்னைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கறான் மாப்ள, இது அப்பான்னு கழுத்தைக் கட்டிக்குது, எதைக் கொஞ்சறது சொல்லு" என்றான் அர்த்தநாரியின் கூட்டாளி கொளந்தசாமி. புகைக்கென்று சின்னச் சட்டை வாங்கிவந்தார்கள். சட்டை கீழே விழுந்தது, புகை சிரித்தது. கேபினில் ஏற்றிக் கோவிலைச் சுற்றி வலம் வந்தார்கள். புக்கிங் ஆபீசிலிருந்து லோடு காத்திருக்கிறது என்று ஆள் மேல் ஆள் வந்தது. அடுத்த வாரம் என்றார்கள். டயர்களைச் சுற்றி நெருஞ்சி முளைத்தது. அர்த்தநாரியின் வண்டியில், ஸ்டியரிங்குக்குக் கீழே, பக்கத்து வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்தது, அதை எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

புகை ஒரு பொழுதுக்கு மேல் தங்காது என்பதுதான் குறை. மறுநாளும் வர வேண்டும் என்றால் மறுநாளும் எவனாவது ஊத வேண்டும்.

ஒரு நாள் குளிக்கப் போகும் முன்னால் அர்த்தநாரி சட்டையைக் கழற்றி, தன் வழக்கமான உயர ஆணியில் மாட்டாமல், பூபதி படிக்கிற மேசைக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினார். பையில் புதுச் சிகரெட் பாக்கெட் ஒன்று பாதி வெளியே தெரிந்தது. மறந்து வைத்ததாகவே அவர் நம்பினார். குளித்துவிட்டு வந்தபோது பாக்கெட் இல்லை. அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை. மத்தியானம் புகை வந்தது, முன்னைவிடத் தெளிவாக, சட்டையின் கட்டம் தெரிகிற அளவுக்கு.

பையன்கள் மறுபடி ஊதத் தொடங்கினார்கள், ஊதியவர்கள் முன்னைவிட அதிகமாக ஊதினார்கள். இப்போது கொய்யா இலை தேவைப்படவில்லை. புகைப் பிள்ளைகளுக்குக் கன்னம் உப்பியது, சிரிப்பில் சத்தம் வந்தது, ஓட்டத்தில் வேகம் வந்தது. பெரிய பையன்கள் சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு போனார்கள். சோற்றை அளைந்துவிட்டு எழுந்தார்கள், விடிந்ததும் இருமினார்கள், கூப்பிட்டால் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டார்கள். இதை அம்மாமார் பார்த்தார்கள், சொன்னார்கள், கேட்க ஆளில்லை.

மாரியம்மன் திருவிழாவான நோம்பி வந்தது. அந்த ஊரில் நோம்பிக்கு முன்னால் பையன்கள் காவேரிக்குப் போய்த் தீர்த்தம் மொண்டு, குடத்தைத் தோளில் வைத்து, எங்கும் இறக்காமல் மேளத்தோடு கோவில் வரைக்கும் நடப்பார்கள். அந்த வருசமும் நடந்தார்கள். கரட்டு மேட்டின் பாதியில் பூபதி உட்கார்ந்தான். குடத்தை மட்டும் தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, பிடித்துப் போட்ட மீன் மாதிரி காற்றைத் தேடினான். அவனுக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்தான், அவனுக்குப் பின்னால் இன்னொருவன், கொஞ்ச நேரத்தில் மேடு முழுக்க மஞ்சள் துண்டு கட்டிய பையன்கள் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏண்டா, மேளம் அடிக்கறவன் கிழவன், நானே நிக்கல. நீங்க ஏண்டா நின்னுட்டீங்க?" என்றார் மேளக்காரர்.

யாருக்கும் பதில் சொல்ல மூச்சு இல்லை. மேட்டின் உச்சியில் புகைப் பிள்ளைகள் மேளத்துக்குத் தகுந்தபடி குதித்துக்கொண்டிருந்தார்கள், இளைக்காமல், களைக்காமல், வெயிலில் மின்னிக்கொண்டு. பின்னால் வந்த பெண்கள் பையன்களின் மடியிலிருந்து குடங்களை எடுத்துத் தங்கள் இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். சேதி கேட்டு லாரிகளை எடுத்துக்கொண்டு வந்த தகப்பன்மாரைப் பார்த்துப் பாவாயி நின்றாள்.

"ஏனுங்க, நல்லாப் பாருங்க. பெரியவன் உட வேண்டிய மூச்சைத்தான் சின்னவன் உட்டுட்டு ஆடறான். ரெண்டையும் வெச்சுக்க முடியாதுங்க. எது வேணும்னு சொல்லிப்போடுங்க."

அர்த்தநாரி பூபதியைத் தூக்கிக் கொளந்தசாமி வண்டியின் கேபினில் ஏற்றினார். தொட்டிலுக்குப் பிறகு அவனை அவர் தூக்கியது அப்போதுதான். அவன் கனக்கவில்லை, அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

சங்ககிரியிலிருந்து வந்த டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "சின்ன வயசு நெஞ்சுக்குள்ளே கிழட்டுச் சத்தம் கேக்குது. இன்னைக்கே நிறுத்துனா தானாத் தேறிக்கும், வயசு இருக்குது. இன்னும் கொஞ்ச நாள் இழுத்தான்னா என் கையிலயும் இல்லை, உங்க கையிலயும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே கட்டிலில் பூபதி இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். வாசற்படியில் புகை உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. சாயங்கால வெயிலில் அர்த்தநாரி இரண்டுக்கும் நடுவே, கதவு நிலைக்குக் கீழே உட்கார்ந்தார்.

"அப்பா, நாளைக்கும் இருப்பியா?" என்றது புகை.

ஊஞ்சப்பாளையத்துத் தகப்பன் எவனும் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதில்லை. அழுகிற பிள்ளையைத் தாண்டி எடுத்த வண்டி ஊர் சேராது என்பது அங்கே நம்பிக்கை. அதனால் பிள்ளை தூங்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்க் கிளப்புவார்கள். புகையோ தூங்குவதில்லை. அது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் இருப்பேன் சாமி. நீதான் போகோணும்" என்றார் அர்த்தநாரி.

"ஏன்?"

"உன்னை நான் பாக்காம உட்டது தப்பு. இப்பப் பாத்துட்டேன், வகுறு நெறஞ்சுபோச்சு. உள்ளே ஒருத்தன் கெடக்கறான். அவனையும் பாக்காம உட்டேன்னா, நாளைக்கு அவனும் உன்னையாட்டப் புகையாத்தான் வருவான்."

புகை எட்டி உள்ளே பார்த்தது. "அவன் உங்கூடப் பேசமாட்டானே?"

"பேசமாட்டான். பரவாயில்லை."

"பாட்டுப் பாடமாட்டான். மடியில உக்காரமாட்டான்."

"தெரியும் சாமி."

புகை காலாட்டுவதை நிறுத்தியது. பிறகு சிரித்தது. எழுந்து நின்று, டாட்டா காட்டுவதற்காக, அதுவரைக்கும் கால்சட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்தது. கால்சட்டை அவிழ்ந்தது, அதோடு இடுப்பு அவிழ்ந்தது, தோள் அவிழ்ந்தது, வேப்ப மரத்தைத் தாண்டும்போது சிரிப்பும் அவிழ்ந்தது. அர்த்தநாரி மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்து மாட்டுத் தொட்டியில் போட்டார். மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கொளந்தசாமி அன்றைக்கே அழுதுகொண்டே தன் வீட்டுப் புகையை அனுப்பினான். அவனைப் பார்த்து மற்றவர்கள். பெட்டிக்கடைச் சின்னராசு, "நான் ஆருக்கும் வாயில வெச்சு ஊட்டலீங்களே" என்று கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தார், பிறகு அவரே கனல் கயிற்றை அவிழ்த்து வாளித் தண்ணீரில் முக்கினார். உஸ்ஸென்று அது அணைந்த சத்தத்தைக் கேட்க ஒரு கூட்டம் நின்றது. பையன்களுக்கு இனிமேல் கடலை மிட்டாய்தான் என்று போர்டு எழுதி வைத்தார். பீடி வேண்டும் என்கிற பெரிய ஆள் தன் காலால் நடந்து வர வேண்டும். லோடு இல்லாத டிரைவர்கள் முறை போட்டுக்கொண்டு பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் தாயம் உருட்டினார்கள். மறைவிடம் தேடி வந்த பையன்கள் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து காய் நகர்த்தினார்கள், தகப்பன்மாரை அழுகுணி ஆட்டக்காரர்கள் என்று கண்டுபிடித்தார்கள்.

லேசாக நடந்துவிடவில்லை. பூபதி தட்டை எறிந்தான். கதவை உதைத்தான். ஒரு சிகரெட்டுக்காகக் கொளந்தசாமியின் மகனோடு கட்டிப் புரண்டான். பீடியை விட்ட அர்த்தநாரியும் கிராம்பை மென்றுகொண்டு வள்ளென்று விழுந்தார். "ஒரே ஊட்டுக்குள்ளே ரெண்டு நாயைக் கட்டி வெச்ச மாதிரி இருக்குது" என்று பாவாயி கிணற்றடியில் சொல்லிச் சிரித்தாள். ஆனால் நெல்லிக்காயைக் கிண்ணத்தில் வைத்து இருவருக்கும் நடுவே தள்ளினாள். பையன் பேசவில்லை, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பையன் எழுந்து போனான். அவரும் எழுந்து பின்னால் நடந்தார். இருமல் முதலில் கூடியது, பிறகு குறைந்தது. பரீட்சை முடிந்தது. ஒரு நாள் பூபதி சைக்கிளிலிருந்து இறங்காமல் கரட்டு மேட்டில் ஏறினான். அதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு தட்டுச் சோறு தின்றான்.

கோழி குஞ்சுகளோடு இறங்கிப் போன பிறகு அஸ்ஸாமுக்கு லோடு ஏற்றினார் அர்த்தநாரி. ஊரெல்லாம் விழித்திருக்கிற நேரத்தில், நல்ல வெயிலில், செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு, வாசலில் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்த மகனுக்கு எதிரே போய் நின்றார்.

"போயிட்டு வரேன் சாமி."

பூபதி நிமிர்ந்தான். கையிலிருந்த துணியைத் தரையில் அடித்தான்.

"இப்ப எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க, இத்தனை வருசம் சொன்னீங்களா, முழிச்சுப் பாத்தாக் கட்டில்ல தலகாணி மட்டும் கெடக்கும், டயர் தடத்தைப் பாத்துட்டே பாலம் வரைக்கும் ஓடுவேன், அம்மா வந்து இழுத்துட்டுப் போகும், வந்தீங்கன்னாப் பீடி பத்த வெச்சுட்டு வாடாங்கறதைத் தவிர ஒரு வார்த்தை உண்டா, என்ற புகைகிட்ட ஆனையச் சொன்னீங்க, மழையச் சொன்னீங்க, எனக்கு ஒரு தூறலாச்சும் சொன்னீங்களா, அது வந்தா நீங்க லைனுக்குப் போறதில்லைன்னு தெரிஞ்சுதானே நெஞ்செரிய நெஞ்செரிய இழுத்தேன், அதை மடியில வெச்சுட்டுச் சிரிச்சீங்களே, நானு சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டிருந்தேன்னு தெரியுமா, அன்னைக்கு ஆணியில பாக்கெட்டை மறந்து வெச்சீங்களா வேணும்னே வெச்சீங்களா, மொதல்ல அதைச் சொல்லுங்க!"

தெருவே வெளியே வந்துவிட்டது. கொளந்தசாமியின் பெண்டாட்டி, "அப்பனை இப்படியா பேசறது" என்று முன்னால் வந்தாள். பாவாயி கையை நீட்டித் தடுத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"சும்மா இரு அக்கா. பாத்தியா, நடுவுல ஒருக்காக்கூட மூச்சு வாங்கல."

அர்த்தநாரி தலை குனிந்தார். "வேணும்னேதான் வெச்சேன்" என்றார். பிறகு நிமிர்ந்து, மகனின் நெஞ்சு ஏறி இறங்குவதை, சத்தமில்லாமல், சீராக, புது எஞ்சின் மாதிரி ஏறி இறங்குவதைப் பார்த்தார்.

"இன்னும் இருக்குதா சாமி?"

"நெறைய இருக்குது."

"அப்ப ஏறு வண்டியில. அஸ்ஸாம் தூரந்தான்."

பூபதி அம்மாவைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டாள், அவனுடைய துணிகளைப் பையில் திணிக்க. அவன் வண்டியைச் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி, சீட்டில் உட்கார்வதற்கு முன்பே அடுத்ததை ஆரம்பித்தான். வண்டி கிளம்பித் தெரு திரும்பியும், எஞ்சின் சத்தத்துக்கு மேலே அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கிருஷ்ணா ஆறு வருகிற வரைக்கும் அவன் திட்டுவதை நிறுத்தவேயில்லை என்று அர்த்தநாரி பிறகு பேட்டையில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அங்கேயும் நிறுத்தியது சாப்பிடுவதற்குத்தான்.